இருப்பிடம் ஐயம்

பழைய வரைபடத்தில் அந்தத் தீவின் அருகே
பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
இருப்பிடம் ஐயத்துக்குரியது.

ஐயம் தீவுக்கு இருந்ததில்லை.
பாரின் விளிம்பில் அலை உடைகிற ஓசை
ஒருநாளும் ஓய்ந்ததில்லை.
மரோதேயாவின் பிள்ளைகள் அதில்தான் உறங்குகிறார்கள்.
பபேத்தேக்குப் படிக்கப் போனால்
முதல் வாரம் முழுக்கத்
தண்ணீர்க்குழாயைத் திறந்துவிட்டுப் படுக்கிறார்கள்.

எத்தனையோ ஆயிரம் அடிக்குக் கீழே
ஓர் எரிமலை
வேலை முடிந்ததென்று அமிழ்ந்துவிட்டது.
அதன் விளிம்பு இருந்த வட்டத்தை
விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை
கடுகளவு உயிர்கள்.
பவளம் என்றதும் கழுத்தில் சிவக்கிற என் மொழி
இங்கே நிறம் மாற்றிக்கொள்கிறது:
பழுப்பு, பாசி, வெளிறிய ஊதா,
செத்தால் சுண்ணாம்பு.
அதைக் கடித்து, அரைத்து,
கிளிமீன் கழித்துப்போட்டதுதான் இந்த வெண்மணல்.
சுற்றுலாக்காரர் படமெடுக்கும்போது
ஹினாரௌ இதைச் சொல்வதில்லை.
அவர்கள் மல்லாந்து படுத்த பிறகு சொல்வாள்.

எங்களூரில் வேலியோரம் நின்று
கீரையாய்க் கடைபடும் லச்சக்கொட்டை
இங்கே காடு.
அதன் பிசின்விதை சிறகில் அப்பி
எழும்ப முடியாமல் விழும் கருப்பு ஆலாக்களை
வேரடியில் வாங்கிக்கொள்கிறது.
மேல்கிளையில் அதே ஆலாக்கள்
அதன் இலையால் கூடு கட்டுகின்றன.

கல் கிடையாது.
இந்தத் தீவில் முதலில் புரியவேண்டியது இது.
ஆறில்லை, மலையில்லை,
அடுப்புக்குழியில் சூடேற்றிப் போட
கறுத்த கல் ஒன்றுகூட முளைத்ததில்லை.

கொன்ஸ்தான்சா, மூன்று பாய்மரம்,
வால்பரைசோவிலிருந்து சரக்கில்லாமல் கிளம்பியது.
வெறும் வயிற்றோடு கப்பல் நிமிர்ந்து நிற்காது;
அடித்தட்டில் ஆற்றுக்கற்களைக் கொட்டினார்கள்.
வரைபடப்படி தீவு இன்னும் நாலு மைல் மேற்கே.
தீவு வரைபடம் பார்க்கவில்லை.
நடுச்சாமத்துக் காவலாள்
பதிவேட்டில் எழுதியது ஒரே வரி:
முன்னால் மழையோசை.

பதினொருவர் பிழைத்தார்கள்.
பாய்மரம் தேவாலயத்தின் உத்திரமானது,
கப்பல்மணி அங்கேயே தொங்கியது,
தலைவனின் மேல்சட்டை
மூன்று கல்யாணங்களுக்குப் போய்வந்தது.
மரம் இற்று விலாக்கள் விரிந்தபோதுதான்
கற்கள் வெளியே வந்தன.
வற்றுநீரில் முழங்காலளவு நடந்து
ஒவ்வொன்றாய்த் தோளில் சுமந்தார்கள்.
இருநூற்று ஏழு என்று
தேவாலயக் கணக்கில் இருக்கிறது.

அப்புறம் கல் சொத்தானது.
ஹினாரௌ கல்யாணமாகி வந்தபோது
ஒன்பது கொண்டுவந்தாள்.
அதில் ஒன்றை, வெள்ளை ரேகை ஓடியதை,
கேட்காமல் எடுத்துப்போனான்
கணவனின் தம்பி தெயுயிரா.
நாலு வருஷமாய்ப் பேச்சில்லை.
ஒரே படகில் மீன்பிடிக்கப் போவார்கள்,
நடுவில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து.

சென்ற மாதம் அளவைக் கப்பல் வந்தது.
எனோரா என்ற பெண் பித்தளைத் தகடொன்றைப் பதித்தாள்,
விண்கோள்களிடம் கேட்டு எண்களைத் திருத்தினாள்,
ஐயத்தை அழித்தாள்.
“இனி நீங்கள் இருக்கும் இடம் உறுதி” என்றாள்.
“நன்றி” என்றான் தெயுயிரா,
“இத்தனை நாள் எங்கே இருந்தோம்?”

அன்றிரவு எல்லோருக்கும் குழியடுப்பில் மீன்.
பாதியில் ‘டப்’பென்று ஒரு சத்தம்.
சூடேறிச் சூடேறிக் கற்கள் வெடிக்கும்;
இப்போது மிச்சம் எண்பதோ என்னமோ.
ஹினாரௌ திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.
வெள்ளை ரேகை இரண்டாகப் பிளந்திருந்தது.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
மீன் நன்றாக வெந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சரக்குக்கப்பல்.
மூட்டைகளின் மேல் கருமையில் ‘கொப்பரை’
என்று அவர்கள் எழுத்தில்;
என் கரையிலிருந்து அந்தச் சொல்
எப்போது கப்பலேறியதோ.
ஹினாரௌ கொடுத்தனுப்பிய பட்டியல்:
மாவு இரண்டு மூட்டை.
மண்ணெண்ணெய்.
தூண்டில் நரம்பு, தடித்தது.
கல் பன்னிரண்டு, கையகலம், துளையில்லாதது.
எந்த ஆற்றுக் கல்லானாலும் சரி.